கொம்பனா குண்டனா

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஆனால் யாராவது கேட்டால் கிட்டாரிஸ்ட் என்றுதான் சொல்வார். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிற ஆளிடம், காப்பாற்ற வந்த மனுஷன் தன்னைக் கிட்டாரிஸ்ட் என்று சொன்னால் அவனுக்கு ஈரக்குலை நடுங்காதா? அதெல்லாம் அவர் யோசிக்கிறதில்லை. வார நாளில் லிஃப்ட், வாரக் கடைசியில் ஹோட்டல் ஹாலில் தன் தம்பியின் இசைக்குழுவோடு கச்சேரி. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடுக்கில் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

போன வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. கொம்பனா, குண்டனா? பெயர் வைத்தவள் நான்தான். கொம்பன் அவரிடம் ரொம்ப வருஷமாக இருக்கிற எலெக்ட்ரிக் கிட்டார். மெலிந்த உடம்பு, மேலே இரண்டு கொம்பு, விரல் வைக்கிற கட்டங்கள் போட்ட நீளமான கழுத்து, கம்பிகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்க மூன்று காந்தச் சுருள். சத்தம் பளிச்சென்று இருக்கும். சும்மா இருக்கும்போதும் ஈ மொய்க்கிற மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். குண்டன் வேறு ரகம். தடித்த மரம், ஒரே கொம்பு, இரட்டைச் சுருளாக இரண்டு, இரைச்சல் கிடையாது. ஒரு தட்டு தட்டினால் சத்தம் நின்று நிதானமாகப் போகும். தூக்கி மாட்டினால் தோள்பட்டை இறங்கிவிடும். இரண்டுமே உள்ளே பொந்து இல்லாத முழுக்கட்டை. வாசிக்கிறவர்களும் அப்படித்தான் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டையும் வைத்துக்கொள்ள எங்களுக்கு வசதி போதாது. கொம்பனைக் கடையில் கொடுத்தால்தான் குண்டன் வரும். ஆகவே காலையில் பல் தேய்க்கும்போது கொம்பன், சாப்பிடும்போது குண்டன், சட்டை மாட்டும்போது மறுபடி கொம்பன். நான் செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறவள். எனக்கு மெழுகும் மாவும் தெரியும். மரத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் நானும் வாய் ஓயாமல் பேசினேன். பேசவேண்டியிருந்தது.

ஏனென்றால் விஷயம் மரத்தில் இல்லை, சுருளிலும் இல்லை. அவருடைய இடதுகைச் சுண்டுவிரலில் இருந்தது. லிஃப்ட் கதவின் இடுக்கில் அது மாட்டிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது, விரல்தான் பழையபடி நிமிரவில்லை. ஹோட்டலில் கடைசியாக வாசிக்கிற பாட்டில் ஒரு இடம் வரும். மெட்டு படிப்படியாக ஏறி, உச்சியில் சுண்டுவிரல் எட்டிப்போய்த் தொடவேண்டும். அந்த இடத்துக்காகத்தான் ஜனங்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். கதவுச் சங்கதிக்குப் பிறகு அவர் அந்த உச்சியை மட்டும் தாண்டிக் குதித்து வாசித்தார். குழுவில் அவர் இடமே அந்த விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்குத் தெரியும், குழுவை நடத்துகிற என் கொழுந்தனுக்குத் தெரியும், மாமனாருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை.

அது அந்தக் குடும்பத்தின் வழக்கம். வலிக்கிற எதையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். மாமனாருக்குக் காது மந்தமானபோது எல்லோரும் கத்திப் பேசப் பழகினோமே தவிர, காது என்ற சொல் வீட்டைவிட்டே போய்விட்டது. டாக்டர் அவருக்கு எதிரில் காதைப் பற்றிக் கேட்டபோது ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். இவர் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அதைப் பற்றி அவனிடம் பேச்செடுக்காதே, மனசு உடைந்துபோவான் என்று சொல்லிவிட்டார். தெரு முழுக்கக் கேட்கும் குரலில்தான் சொன்னார். சரி என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து நான் காவல்காரி. அவர் கொம்பனை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தக் கழுத்து கொஞ்சம் நீளம். கட்டத்துக்குக் கட்டம் தள்ளி இருக்கா, அதனால..." என்று இழுத்தாலே எனக்குப் பகீர் என்றாகிவிடும். உடனே குறுக்கே பாய்ந்து, மரம்தாங்க காரணம், பழைய மரம் வற்றிப்போனால் சத்தமும் வற்றிப்போகாதா என்று எடுத்துவிடுவேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அப்புறம் மரமும் ஒரு காரணம்தான் என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் பிரசங்கம். கேட்டுக்கொண்டே காய் நறுக்குவேன். மனுஷனைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

ஒருவழியாக ஒரு நாள் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிற ஆள். குண்டனை எடுத்துக் கொடுத்தார். இவர் முக்காலியில் உட்கார்ந்து அந்த மெட்டை ஆரம்பித்தார். நான் ஏதோ சுவரிலிருந்த விளம்பரத்தைப் படிக்கிறவள் மாதிரி நின்றேன். மெட்டு ஏறியது. உச்சி வந்தது. சுண்டுவிரல் தவழ்ந்து போய்த் தொட்டது. மொண்ணையாகத்தான் ஒலித்தது, ஆனால் ஒலித்தது. ஒரு வருஷமாகக் காணாமல் போயிருந்த சுரம்.

அந்தக் கடைக்காரருக்கு நாக்கில் சனி. "இது குட்டைக் கழுத்து சார். கட்டமெல்லாம் கிட்ட கிட்ட இருக்கும். கை சின்னவங்க, விரல் எட்டாதவங்க இதத்தான் எடுத்துட்டுப் போவாங்க," என்றார்.

இவர் குண்டனை மெதுவாகத் தாங்கியில் வைத்தார். டோன் சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். கடைக்காரரின் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிட்டு, நானே ஒரு செட் செய்து மாட்டிவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். இந்த ஆளிடம் நேராகப் பேசினால் வேலைக்காகாது. நல்லவேளை வேண்டாம் என்றீர்கள், என்ன கனம், உங்கள் தோள் தாங்குமா, வயசும் ஆகிறது இல்லையா என்று அங்கலாய்த்தேன். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. விறுவிறுவென்று கடைக்குத் திரும்பிப் போய், ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று குண்டனை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. கொழுந்தன் போன் செய்தான். சுற்றி வளைத்து, அப்பா நல்லா இருக்காரா, உங்க கூடத்துல வேலை எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணி, ஹோட்டல்காரங்க கேட்டுட்டே இருக்காங்க, பாட்டுல ஒரு இடம் விட்டுப்போகுதேன்னு. மருந்துக்கடையில ஒரு பொண்ணு இருக்கு, பிரமாதமா வாசிக்குது. சும்மா கேக்க வந்த மாதிரி ஞாயித்துக்கிழம வரட்டுமே."

கூடப் பிறந்தவனுக்கே குழி பறிக்கிறாயே என்று பிடி பிடி என்று பிடித்தேன். அவன் அழாக்குறையாக, நான் என்ன செய்யட்டும், அவரிடம் யார் சொல்வது, நீங்களே சொல்லுங்களேன் என்றான். நான் போனை வைத்துவிட்டேன். அன்று ராத்திரி அவரிடம் குண்டனின் வார்னிஷைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை நடக்கிற இடம் கொழுந்தனின் மெத்தைக் கிடங்கு. நாலு பக்கமும் மெத்தை அடுக்கியிருப்பதால் சத்தம் வெளியே போகாது. அக்கம்பக்கத்தில் சண்டையும் வராது. ஞாயிற்றுக்கிழமை நானும் கிளம்பிப் போனேன். அந்தப் பெண் ஒரு மெத்தை மேல் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசிருக்கும். பக்கத்தில் மூடிய பெட்டி. சும்மா கேட்க வந்தவள் பெட்டியோடு வருவாளா? இவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். குண்டனை மாட்டிக்கொண்டார்.

கடைசிப் பாட்டு வந்தது. மெட்டு ஏறியது. கடையில் நிதானமாக வாசித்தபோது தொட்ட விரல், தாளத்தின் வேகத்தில் போய்ச் சேரவில்லை. சுரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பொக்கை. டிரம்ஸ் தயங்கி நின்றது.

உடனே எல்லோரும் அவரவர் கடமையைச் செய்தார்கள். கொழுந்தன் ஆம்ப்ளிஃபயரைத் தட்டி, இதில் ஏதோ கோளாறு என்றான். டிரம்ஸ்காரர் தான்தான் அவசரப்பட்டுவிட்டதாகப் பழியைத் தலையில் போட்டுக்கொண்டார். நான் என் பங்குக்கு, புது மரம் கைக்குப் பழக நாளாகும் என்றேன்.

அந்தப் பெண் மெத்தையிலிருந்து இறங்கி வந்தாள். "அண்ணா, உங்க சுண்டுவிரல் மடங்கியே நிக்குதே. என்ன ஆச்சு?"

கொழுந்தன் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்துகொண்டான். மனுஷன் இப்போது உடைந்துபோய் அழப்போகிறாரா, இல்லை குண்டனைக் கீழே போட்டுவிட்டு ஒரேயடியாகப் போகப்போகிறாரா என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏதோ பரிசு வாங்கியதைக் காட்டுகிற மாதிரி. அப்புறம் ஆரம்பித்தாரே ஒரு கதை! எந்தக் கட்டிடம், எந்தக் கதவு, எவன் பொத்தானை அமுக்கினான், ரத்தத்தைப் பார்த்து அந்தக் கட்டிடத்துக் காவலாளி எப்படி மயங்கி விழுந்தான், இவர் ஒற்றைக் கையால் அவனுக்கு எப்படித் தண்ணீர் தெளித்தார் எல்லாம். அப்படி ஒரு காவலாளி இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் விரலைப் பிடித்து மடக்கிப் பார்த்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தார்களா என்று விசாரித்தாள். இவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் தானாகவே சொன்னார்.

"எனக்கு அந்த இடம் எட்டலம்மா. அத நீ வாசி. நான் கீழ நின்னு ரிதம் போடறேன்."

அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இன்னொரு கொம்பன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி வைத்திருந்தால் ஒரு சத்தத்தின் மேல் இன்னொன்று ஏறி மிதிக்கும், நீங்க கையில இருக்கிறதையே வெச்சுக்கங்க அண்ணா என்று போகிறபோக்கில் சொன்னாள். அவ்வளவுதான். ஒரு வருஷமாகக் குடும்பமே மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி, அவள் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற நேரத்துக்குள் முடிந்துபோனது. அன்றைக்கு அந்தப் பாட்டு முழுசாகக் கேட்டது. கொழுந்தன் மெத்தை மறைவில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கொட்டுகிற ஆள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டுவிட்டேன்.

"சொல்லத்தான் பாத்தேன்," என்றார். "நான் வாயத் தொறந்தாலே நீ மரத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுவே. சரி, உனக்குக் கேக்கப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இப்ப இல்ல. குளிர் வந்தா உயிர் போகும். போன குளிர்ல பாதி நாள் தூக்கமே இல்ல."

போன குளிர்காலம் முழுக்க நான் அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அவர் எழுந்து கிட்டார் இருக்கிற முன்னறைக்குப் போகும்போதெல்லாம், இந்த மனுஷனுக்குக் கிட்டார்க் கிறுக்கு முற்றிவிட்டது என்று நினைத்து அவர் பக்கத்துப் போர்வையையும் சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.