குப்பைப் படகே மிதவை

துறைமுகத்துக் குப்பைப் படகுக்காரர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். உலகத்துப் பாய்மரப் படகோட்டிகளெல்லாம் போட்டிக்காக ஊரில் வந்து இறங்கியிருந்தார்கள். கடலில் ஒரு துரும்பு மிதக்கக் கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். சொன்னவர் ஏ.சி. அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கேட்டவர் ஒரு வாரமாகத் துரும்பைத் தேடி அலைந்தார். செருப்பு, பாட்டில், முக்கால் நாற்காலி என்று படகு நிரம்பியது. கடைசி நாள் ஒரு பெரிய ஆரஞ்சு மிதவையும் கிடைத்தது. துறைமுக முத்திரை இல்லாமல் மிதப்பது எதுவானாலும் குப்பை. இருபது வருஷமாக அவருக்கு அதுதான் சட்டம். நங்கூரத்தோடு தூக்கிப் படகில் போட்டு, அதன்மேலேயே சாய்ந்தபடி பிளாஸ்க்கைத் திறந்து டீ குடித்தார்.

மனசெல்லாம் மகள்மேல் இருந்தது. அவளும் போட்டியில் இருக்கிறாள். இந்தக் கடைசிப் பந்தயத்தில் முதலில் வந்தால் அவள்தான் சாம்பியன். தூரத்தில் முன்னால் வரும் பாய் அவளுடையது என்று தெரிந்ததும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வயர்லெஸ்ஸில் போட்டி அதிகாரி அம்மாளின் குரல் வந்தது. படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய ஆரஞ்சு மிதவையைக் காணோமாம். நம்மவர் முதுகுக்குப் பின்னால் மெல்லத் தடவிப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ஆனால் பந்தயம் ரத்தானால் மகள் கதி என்னாவது? எடுத்தது தான்தான் என்றும், இன்னும் அதே இடத்தில்தான் நிற்பதாகவும் ஒப்புக்கொண்டார்.

அதிகாரி திட்டவில்லை. திட்ட நேரமில்லை.

"மிதவையை மறுபடி இறக்கி நிறுத்துறதுக்குள்ள படகுகள் வந்துடும். அங்கேயே நங்கூரம் போடுங்க. கொடி அனுப்பறேன், கட்டிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருங்க. இனிமே நீங்கதான் மிதவை."

விதியில் அதற்கு இடம் உண்டாம். மிதவை மேல் படகு பட்டால் மட்டும், பட்டவர் விலகிப்போய் ஒரு முழு வட்டம் அடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். யாரும் பார்க்காவிட்டாலும் அடிக்க வேண்டும்.

விசைப்படகு ஒன்று கொடியை வீசிவிட்டுப் போனது. அவர் ஒரு கையால் ஹாரனை அழுத்திக்கொண்டு மறு கையில் நங்கூரக் கயிற்றைப் பிடித்திருந்தார். மகள் வந்தாள். ரொம்ப ஒட்டி வந்தாள். கயிற்றை ஒரு முழம் விட்டால் படகு பின்வாங்கும், அவள் தப்பிவிடுவாள். பெத்த மனம் பித்துதான். ஆனாலும் சொந்த மகளுக்காக நகர்வது என்ன மிதவை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இறுக்கிப் பிடித்தார்.

அவளுடைய பாய்க்கம்பு குப்பைப் படகின் விளிம்பில் உரசியது. ஹாரன் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அடுத்த படகு இன்னும் தூரத்தில் இருந்தது. மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

இருந்த உறுதியெல்லாம் அந்தப் பார்வையில் கரைந்துபோயிற்று.

"நான் ஒண்ணும் பார்க்கலம்மா," என்றார்.

"நான் பார்த்தேன்ப்பா."

சற்று விலகிப்போய் முழு வட்டம் அடித்தாள். அதற்குள் அடுத்த படகு அவளை முந்திக்கொண்டு போய்விட்டது. அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அழுதார்.