ஒரே நுகத்தடியில் கழுத்தும் கண்ணும்

ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று நொண்டினால், மற்றதன் பிடரிதான் புண்ணாகும். வண்டிக்காரனோ புண்ணுக்கு மருந்து தடவுவானே தவிர, நொண்டும் காலைக் குனிந்து பார்க்கமாட்டான். மாத்தளை நகரில் அப்துல் ஸமத்தின் அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோக்கும் மார்ஜரியின் பாடும் அப்படித்தான் இருந்தது. வலிக்கும் பிடரிக்குத் தைலம் பூசினாள். தைலத்தின் காரம் கண்ணில் ஏறியது. எரிந்த கண்ணுக்கு எழுத்து மங்கியது. மங்கிய எழுத்தைப் பிடிக்கக் கழுத்தை நீட்டினாள். மறுபடியும் பிடரி வலித்தது.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு பிழை. பக்கத்து ஊரான வஹகோட்டையின் குடும்பம் ஒன்றின் மரண அறிவித்தலில், இறந்த தகப்பனின் பெயர் வரவேண்டிய இடத்தில், உயிரோடிருக்கும் மகன் ரபாயேலின் பெயரைக் களைப்பில் இட்டுவிட்டாள். ஊரெல்லாம் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. ரபாயேல் நேரிலேயே வந்து, "நான் செத்துட்டேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" என்றார்.

ஸமத் சிரிக்கவில்லை. அன்றே கணினித் திரையைக் கடதாசிப் பெட்டிகளின்மேல் தூக்கிவைத்து, மேசைக்கு அப்பால் நிற்பவருக்கும் தெரியும்படி பக்கவாட்டில் திருப்பினார்.

"வாறவங்களே பாத்து சரி சொல்லட்டும். இன்னொரு பிழ வந்திச்சின்னா ஒங்கள வெச்சிக்கொள்ள ஏலா, மார்ஜரி."

கணவனை இழந்தவளின் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு அந்த நாற்காலியில்தான் இருந்தது. அண்ணாந்து, ஒருபக்கம் திரும்பி, இமைக்க மறந்து வேலை செய்தாள்.

எரிச்சல் தாங்காமல் போனபோது, கண் டாக்டர் கேட்ட முதற் கேள்வியே, "கழுத்து வலிக்குதா?" என்பதுதான். அறை மாறி வந்துவிட்டோமோ என்று மார்ஜரி கதவைப் பார்த்தாள். தலை மட்டும் திரும்ப மறுக்கவே, உடம்போடு திரும்பினாள். டாக்டருக்கு அதுவே விடையாயிற்று.

"அண்ணாந்து பாத்தா கண்ணு அகலமாத் தொறக்கும், இமைக்கிறதும் கொறையும், ஈரம் காஞ்சிரும். காஞ்ச கண்ணுதான் எரிச்சல்ல தண்ணியா ஊத்தும். சொட்டுமருந்து தாறேன். ஆனா திரையக் கீழ எறக்காட்டி ரெண்டும் விடாது."

மறுநாள், அண்ணன் முறையில் 'நானா' என்று அவள் அழைக்கும் ஸமத்திடம் கேட்கத் துணிவு வருமுன்னே, தேயிலைத் தோட்டத்திலிருந்து முத்துவீரன் வந்துவிட்டார். இறந்த மனைவி சந்திரகாந்தாவின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அழைப்பு அச்சிடவேண்டும். அழைப்பவர் மகள் நிரஞ்சனி. மார்ஜரி கோத்து முடிப்பதற்குள் இரு கண்களும் வழிந்து கன்னம் நனைந்தது.

"அழுவாதீங்க தங்கச்சி," என்றார் முத்துவீரன். "எங்க சொந்தத்துல கூட யாரும் இப்புடி அழுவல."

"இல்லீங்கண்ணே, இது..."

"தெரியும், தெரியும். நல்ல மனசு."

"ஸ்கிரீன்ல ஒருக்காப் பாருங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தபடியே, "எல்லாம் சரிதான்" என்று தலையசைத்துவிட்டு, எதிரிலிருந்த கடைக்குத் தேநீர் குடிக்கப் போனார்.

மார்ஜரி மருந்தைச் சொட்டவிட்டுக் கண்களைச் சற்று மூடியிருந்தாள். திறந்தபோது தலைப்பெழுத்து தெளிவாகத் தெரிந்தது: அமரர் நிரஞ்சனி.

உள்ளே ஸமத் இயந்திரத்துக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஓசைப்படாமல் திருத்திவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நாளையும் திருத்தவேண்டும், மறுநாளும் மறைக்கவேண்டும் என்று எண்ணியபோதே அவளுக்கு அலுத்துவிட்டது.

"நானா, இங்க வாங்க. திரும்பவும் மாத்திப் போட்டுட்டேன். உசிரோட இருக்கிற மகளச் சாகடிச்சிட்டேன்."

ஸமத் எட்டிப் பார்த்தார். முகம் இறுகியது. "அந்தாள் பாக்கல்லயா?"

"பாத்தாரு. சரின்னு சொல்லிட்டாரு. அழுதுகிட்டிருக்கிறவகிட்ட யாரு, நானா, பிழை புடிப்பாங்க? ஒசரத்துல வெச்சதால எனக்கும் தெரியல, அவருக்கும் தெரியல."

அவள் எழுந்து திரையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"வேலைய விடப்போறீங்களா?"

"விடச் சொன்னா விடுறேன். சொல்லாட்டி அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க. கழுத்து ஏலாது."

"கஸ்டமர் எப்பிடிப் பாக்கிறது?"

"இந்தப் பக்கம் வந்து, பக்கத்துல நின்னு பாக்கட்டும்."

ஸமத் பெருமூச்சோடு மறுமுனையைப் பிடித்தார். பெட்டிகளை அகற்றித் திரையை மேசையில் வைத்தார்கள். மார்ஜரி அமர்ந்தாள். வலி இருந்த இடத்திலேயே இருந்தது. பார்வையைத் தாழ்த்தி, இரண்டுமுறை இமைத்து, மகளின் பெயரை அழித்தாள்.