சாம்பல் அட்டை

2004ஆம் ஆண்டு செப்டம்பர் 14, செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, புனேயை அடுத்த பிம்ப்ரியில் ஒரு மருத்துவமனையில் புகைப்படக்காரர் சுவிசேஷமுத்து இறந்தார். வயது அறுபத்து மூன்று.

பிற்பகல் மூன்று மணிக்குக் கசார்வாடி வீட்டின் முன்னறையில், சபை மூப்பர் தனராஜ் இரண்டு செங்கற்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். சவப்பெட்டியின் தலைமாட்டுக்கு அடியில் அவற்றை வைத்தால் பெட்டி சற்றுச் சாய்ந்து நிற்கும். படத்தில் முகம் தெரியும். அதைச் சபைக்குச் சொல்லிக்கொடுத்தவரே சுவிசேஷமுத்துதான். காட்கி, தேஹு ரோடு, பிம்ப்ரி என்று தமிழ்க் கிறிஸ்தவர் வீடு எதில் துக்கம் என்றாலும், மூடி போடுவதற்கு முன் பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தார் நிற்க ஒரு படம் எடுப்பார்கள். ஊரிலிருந்து வர முடியாத சொந்தங்களுக்கு அது தபாலில் போகும். இருபத்தெட்டு வருடமாக அந்தப் படங்களை எடுத்தது அவர்.

"மில்ட்ரெட் அக்கா, நாலு மணிக்கு வண்டி வந்துரும். படத்த எடுத்துருவமா?" என்றார் தனராஜ்.

சுவிசேஷமுத்துவின் மனைவி மில்ட்ரெட் கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியில் மட்டும் விழுந்தது. அவர் படம் எடுப்பதாக இருந்தால், வெளிச்சம் திரும்பி விழ எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடிக்கச் சொல்லியிருப்பார்.

"அவிய வேண்டாம்னு சொல்லிருக்காவ," என்றாள்.

"எது?"

"பெட்டிப் படம்."

சொன்னது ஒரு தடவை அல்ல. துக்க வீட்டுப் படங்களைக் கழுவி வாங்கிவந்து, உறையில் போட்டு ஒட்டும்போதெல்லாம் சொல்வார். "இத யாரும் ரெண்டாந்தரம் பாக்க மாட்டாவ. கிழிக்கவும் மாட்டாவ. பீரோவுக்குள்ளயே கெடக்கும். எனக்கு இத எடுத்துராத, ஏட்டி." ஒவ்வொரு தடவையும் அவளும் சரி என்றிருக்கிறாள்.

ஆனால் காலையில் சொந்த ஊரான நாசரேத்திலிருந்து போன் வந்தது. சுவிசேஷமுத்துவின் அக்கா அன்னபாக்கியம். எழுபத்தெட்டு வயது, இடுப்பெலும்பு முறிந்து ஒரு வருடமாகப் படுக்கை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்து, அடம்பிடித்தவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவள். தம்பியைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. போனில் அவள் அழவில்லை.

"அவனுக்கு நரைச்சிருக்கா, மில்ட்ரெட்?"

"பூராவும் நரைச்சிட்டு, மைனி."

"எனக்கு ஒரு படம் அனுப்பு, தாயி. மொகத்த ஒருதரம் பாத்துக்கிடுதேன்."

"அனுப்புதேன், மைனி."

அதையும் சொல்லியாகிவிட்டது. அனுப்ப வேறு படம் இல்லை. கல்யாணப் படத்தில் மீசை கறுப்பு. டிரைவிங் லைசென்சில் இருப்பது பதினைந்து வருடத்துக்கு முந்தைய முகம். மற்றபடி எல்லாப் படத்திலும் அவர் கேமராவுக்குப் பின்னால்தான்.

"ஊர்ல ஒரு வயசான பொம்பள தவிச்சுக்கிட்டு கெடக்கா," என்றார் தனராஜ், குரலைத் தாழ்த்தி. "முத்தண்ணன் இருந்தா அவரே எடுத்துருப்பாரு. அடுத்தவன் வீட்டுல நம்மளத்தான் வெரட்டுவாரு, 'மூப்பரே, தொப்பைய உள்ள இழும்'னு."

சுவரோரம் நின்ற யாரோ சிரித்து, உடனே இருமினார்கள். மில்ட்ரெட்டுக்கும் உதட்டோரம் அசைந்தது.

உள்ளறையிலிருந்து மகன் சுபின் அப்பாவின் கேமராவோடு வந்தான். பாணேரில் மென்பொருள் கம்பெனியில் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழில் நாசரேத் கொஞ்சமும் இல்லை, இந்திதான் கலக்கும்.

"அம்மா, இதுலயே எடுத்துடறேன். உள்ள ரோல் இருக்கு. நம்பர் நாலுல நிக்குது. பாக்கி முப்பத்திரெண்டு இருக்கு, போதும், சலேகா."

"அதுல எடுக்காத."

"ஏன்?"

"அதுல மலை இருக்கு."

சுபின் கேமராவைப் பார்த்தான். பிறகு அம்மாவை.

வார நாட்களில் சுவிசேஷமுத்து எடுத்தது மலை அல்ல. கசார்வாடிப் பட்டறைகளின் லேத் பாகங்கள், வால்வுகள், பம்புகள், எல்லாம் வெள்ளைத் துணியில் வைத்து விலைப்பட்டியலுக்காக. போன வருடம் பாணேரில் ஒரு அடுக்குமாடிக்காரன், பின்னாலிருக்கும் குன்று தெரிய வேண்டும், மின்கம்பம் தெரியக்கூடாது என்று மூன்று நாள் அலைக்கழித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பஜாஜ் ஸ்கூட்டரில் மில்ட்ரெட்டை ஏற்றிக்கொண்டு மலைகளுக்குப் போவார். அந்தப் படங்களை யாரும் கேட்டதில்லை. இந்த வருடம்தான் ஒரு பம்ப் கம்பெனி அடுத்த வருடக் காலண்டருக்குப் பன்னிரண்டு மழைக்கால மலைகள் வேண்டும் என்றது. பம்ப் வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பதினொன்று முடிந்துவிட்டது. டிசம்பர் பாக்கி.

இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, பவனா அணைக்கு மேலே போனார்கள். எந்த இடத்திலும் முதல் படம் மலைக்கு அல்ல. நோட்டுப் புத்தக அளவில் ஒரு சாம்பல் நிற அட்டை வைத்திருப்பார். அதை மில்ட்ரெட் நெஞ்சுக்கு நேரே பிடித்து நிற்க வேண்டும். அதில் வெளிச்சத்தை அளந்து, அவளை ஒரு படம் எடுத்துவிட்டு, "போதும், தள்ளு," என்பார். லேபில் பிரிண்ட் போடும்போது நிறத்தைச் சரிபார்க்க அந்தப் படம் உதவும். அளவுப் படம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். பத்திருபது வருடமாக எத்தனை மலைகளின் முன் அப்படி நின்று, அப்படித் தள்ளியிருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது.

அன்றைக்கு மேடு ஏறியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"அட்டைய இங்க குடு. இன்னைக்கு நீ அமுக்கு."

"எனக்கு என்ன தெரியும்?"

"எல்லாம் நான் வெச்சுட்டேன். பட்டன அமுக்கணும், அவ்ளோதான். மூச்சு விட்டுராத."

அவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள். கண்ணாடிக்குள் அவர் சின்னதாக உட்கார்ந்திருந்தார், அட்டையை நெஞ்சில் பிடித்து, முதுகை நிமிர்த்தி.

"சிரிக்கட்டா?"

"அளவுப் படத்துல எவனும் சிரிக்க மாட்டான்னு எனக்கு மட்டும் சொல்லுவியளே."

அவர் சிரித்தார். அந்த நேரத்தில் அமுக்கினாளா, அதற்கு முன்பா, பின்பா என்று அவளுக்கு நினைவில்லை. கை ஆடியது மட்டும் நினைவிருக்கிறது.

"அமுங்கிச்சா?"

"சத்தம் கேட்டுச்சு."

பிறகு அவர் எழுந்து வந்து மலையை மூன்று படம் எடுத்தார். வெளிச்சம் போய்விட்டது. அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

இதில் பாதியைத்தான் அவள் சுபினிடம் சொன்னாள். சுபின் கேமராவை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நீ எடுத்தது ஷேக் ஆகியிருந்தா? ஒண்ணும் வரலன்னா? மூடியாச்சுன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. அத்தைக்கு என்ன அனுப்புவே?"

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். பாதிரியார் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். தனராஜ் செங்கற்களோடு பெட்டிக்கு அருகில் குந்தி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் அனுப்புதேன்னுதான் மைனிகிட்ட சொன்னேன்," என்றாள் மில்ட்ரெட். "பெட்டிப் படம்னு சொல்லல."

"வரலன்னா?"

"வரலன்னா நான் ரயிலேறிப் போயி, மைனி காலடியில உக்காந்து சொல்லிக்கிடுதேன்."

தனராஜ் எழுந்தார். செங்கற்களை வாசலில் துளசிச் செடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். பெட்டி மட்டமாகவே கிடந்தது. மில்ட்ரெட் சுபினைத் திரைச்சீலையை முழுவதும் ஒதுக்கச் சொன்னாள். மறு பாதி முகத்திலும் வெளிச்சம் விழுந்தது. அவள் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தள்ளி நின்றாள். பாட்டு தொடங்கியது. மூடியைப் போட்டார்கள்.

வியாழக்கிழமை சுபின் ரோலைச் சுற்றி எடுத்து, சிஞ்ச்வட்டில் அப்பா வழக்கமாகக் கொடுக்கும் லேபில் கொடுத்தான். இரண்டு நாளும் மில்ட்ரெட் ரயில் அட்டவணையை மேஜைமேல் வைத்திருந்தாள். சனிக்கிழமை மாலை உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான்.

முதல் படத்தில் சுவிசேஷமுத்து இருந்தார். செருப்பு படத்துக்குள் வரவில்லை. மேல் மூலையில் அவளுடைய விரல் ஒரு நிழலாக விழுந்திருந்தது. அட்டை மிகத் தெளிவாக இருந்தது. அதற்கு மேலே, நரைத்த தலையோடு, சிரிப்புத் தொடங்கும் முன்னான முகம்.

"பின்னாடி மலை சரிஞ்சிருக்கு," என்றான் சுபின்.

"அவிய நேராத்தான இருக்காவ."

மூன்றாவது படம் காலண்டரின் டிசம்பர் மாதத்துக்குப் போனது. முதல் படத்தை மில்ட்ரெட் பதிவுத் தபாலில் நாசரேத்துக்கு அனுப்பினாள். அக்டோபர் முதல் வாரத்தில் பதில் வந்தது. அன்னபாக்கியம் படுத்தபடி எழுதியதில் வரிகள் மேலே ஏறியிருந்தன.

"கர்த்தருக்குள் அன்பான மில்ட்ரெட்டுக்கு. படம் கிடைத்தது. முகம் நன்றாகத் தெரிகிறது. நரை அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன். இந்த வயதில் கையில் எதற்கு சிலேட் வைத்திருக்கிறான்? கண்ணாடி போட்டுப் பார்த்தும் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. என்ன எழுதியிருக்கிறான் என்று எழுது."

மில்ட்ரெட் அன்றைக்கே பதில் எழுதினாள். சிலேட்டில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை மைனி, என்று எழுதினாள். கடிதம் ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தது.