அவருடைய இலையில் வைக்காத கறி

இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாள் படையலில் வைப்பது எங்கள் வழக்கம். என் கணவருக்காக மாமி நண்டும் கணவாயும் சமைத்தார். அவருக்கு அவற்றைவிடப் பிடித்தது மாட்டிறைச்சியும் காளானும் போட்ட ஸ்டூ. துறைமுகத்தில் ஒரு கப்பல் சமையல்காரரிடம் செய்முறையைக் கேட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லிங்கநகர் வீட்டில் வைப்பார். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமையும் அதைத்தான் கேட்டார். வீட்டுக்கு வாருங்கள், வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

இறைச்சியைப் பட்டரில் வதக்கி, வெங்காயமும் காளானும் மிளகும் சேர்த்து இரண்டு மணித்தியாலம் அவியவிட்டேன். கிரீம் ஊற்றி இறக்கும்போது மாமி குசினிக்குள் வந்தார்.

"இதென்ன?"

"மாட்டிறைச்சி, மாமி. அவருக்கு நல்ல விருப்பம்."

"என்ர பிள்ளை மாடு தின்னாதவன். அவன் வந்து மறுக்க ஏலாதெண்டு கதை கட்டாத."

பக்கத்தில் அவருடைய தம்பி இராகுலன் வாழையிலை துடைத்துக்கொண்டு நின்றான். ஞாயிறு தவறாமல் வந்து எங்களோடு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவன்.

"நீயாவது சொல்லு, தம்பி."

"எனக்கு ஒண்டும் தெரியாது, அண்ணி," என்றான். இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நண்டையும் கணவாயையும் வைத்துப் படைத்தார்கள்.

சனம் போனபின் இராகுலன் குசினி வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, அந்த ஸ்டூ கிடக்கோ?"

போட்டுக் கொடுத்தேன். பாண் துண்டைப் பிய்த்துத் தோய்த்து, கோப்பையை வழித்துத் தின்றான்.

"உப்புக் காணாது, அண்ணி."

படையலுக்கென்று சமைத்ததை முதலில் யாரும் ருசி பார்க்கக்கூடாது என்று, உப்புப் பார்க்காமலே இறக்கியிருந்தேன்.