ஏறாத எடை

...எடை ஏறவில்லை என்று நர்ஸ் சொன்னதும் குளிர்ந்துபோனதே இந்த மனசு, அதைத்தான் முதலில் செருப்பால் அடிக்க வேண்டும். ஏழு மாத வயிற்றோடு விழுப்புரம் ஆஸ்பத்திரி மெஷினில் ஏறி நின்று, போன மாதம் இருந்த அதே எடை என்று கேட்டு, பரீட்சையில் பாஸான பெண் மாதிரி சிரித்தேனே. ஜெசிந்தா சிஸ்டர் சிரிக்கவில்லை. "இன்னாம்மா சாப்புடற நீ? புள்ளைக்கு வளர்த்தியே பத்தலியே" என்றார். நெஞ்செரிச்சல் சிஸ்டர் என்றேன். பொய். ராத்திரி சோறு தின்று எவ்வளவு நாளாகிறது, காலையில் அரை டம்ளர் கேப்பைக் கூழ், மத்தியானம் தட்டைக் கிண்டிவிட்டுக் கழுவி வைப்பது, அத்தை கேட்டால் நெஞ்செரிச்சல், அம்மா போனில் கேட்டால் இப்போதுதான் சாப்பிட்டேன்... எல்லாம் எதற்கு? என் வீட்டுக்காரர் வல்லரசு கண்ணுக்கு நான் குண்டாகத் தெரியக் கூடாதாம். கார்த்திகை தீபம் கழிந்த கையோடு பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனாரே, "மல்லாட்ட மூட்டையாட்டம் ஆயிட்ட கலை, பக்கத்துல படுத்தா மூச்சு முட்டுது" என்று சொன்னாரே. திண்டிவனத்தில் வேர்க்கடலை லோடு வண்டி ஓட்டுகிறவர், விடிந்தால் மூட்டை அடைந்தால் மூட்டை, வாயில் வேறு என்ன வரும் என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது இந்த பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறேன், நேராக உட்கார முடியவில்லை, ஊசி போட்ட இடம் கல்லாகக் கனக்கிறது. அரிப்பு, மயக்கம் வந்தால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே, முகையூருக்கு விழுப்புரம் கிட்டம் என்று இங்கே பேர் பதிய வந்து ரத்தம் கொடுத்தேன், பெரிய டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னார். சிபிலிஸ் என்றார். எனக்குப் புரியவில்லை. சிஸ்டர்தான் குரலைத் தாழ்த்தி, "மேகநோய்னு ஊர்ல சொல்லுவாங்களே, அதும்மா. ஒண்ணா இருந்தா ஒட்டிக்கிறது" என்றார். திண்டிவனத்தில் முதலில் பார்த்தபோது ஒன்றும் இல்லையே என்றேன், ஆரம்பத்தில் சில பேருக்குத் தெரியாது, அதனால்தான் மறுபடியும் பார்க்கிறோம் என்றார்கள். பிள்ளைக்குப் போகுமா என்று கேட்டேன். போகும். ஆனால் இப்போதே பிடித்துவிட்டோம், வாரம் தவறாமல் வந்து ஊசி போட்டால் காப்பாற்றிவிடலாம். பிறகு அந்தக் கேள்வி... "தப்பா நெனைக்காத, வீட்டுக்காரரத் தவிர வேற யாராச்சும்..." யாரை? யாரை சிஸ்டர்? தொடவே ஆளில்லாமல் பட்டினி கிடந்து இளைத்துக்கொண்டிருக்கிற என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி?

எனக்கு ஆசை இருந்தது, அதை யாரிடம் சொல்ல, அஞ்சாம் மாதத்தில் உடம்பு பூரித்துக்கொண்டு வந்தபோது இதுவரை இல்லாத ஆசை இருந்தது. ஜாக்கெட் பத்தாமல் பிரித்துத் தைத்துக்கொண்டேன், கண்ணாடியில் பார்த்தால் எனக்கே பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டு நானே ஹாலுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "புள்ளைக்கு ஆவாது, போய்ப் படு" என்றார். டாக்டரிடம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவந்து, ஒன்றும் ஆகாதாம் என்று சொன்னேன், சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் எரிந்து விழுந்தார். அதன்பின்தான் கழுத்து, கை, இடுப்பு என்று ஒவ்வொன்றாக என் உடம்பில் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. கல்யாணமான முதல் ஆடி, தலைச்சன் சித்திரையில் பிறந்துவிடக் கூடாதென்று அம்மா வந்து முகையூருக்கு அழைத்துப்போனாளே, அந்த மாதம் முழுக்க ராத்திரி ஆனால் போன், "நீ இல்லாம தூக்கம் வரல கலை, ஆவணி எப்ப பொறக்கும்." நானும் காலண்டரைக் கிழித்துக்கொண்டு கிடந்தேன். அந்த ஆடியிலா? அதற்கு முன்பேவா? யாரோடு? கேட்கவும் கூசுகிறது.

ஆனால் சற்று முன்வரை, சத்தியமாக, அவருக்கே தெரியாது என்றுதான் நினைத்தேன். ஆண்பிள்ளை, எங்கேயோ புத்தி கெட்டுப் போயிருக்கும், பாவம் அவர் உடம்பிலும் இருக்குமே, சொன்னால் பயந்துவிடுவாரே என்று... பாவமாம், பாவம்! புருஷனையும் வரச் சொல் என்று சிஸ்டர் சொன்னதால் போன் போட்டேன். சுற்றிலும் பெண்கள், நோயின் பேரைச் சொல்லவில்லை. "நீங்களும் வந்து ஒரு ஊசி போட்டுக்கணுமாம், டாக்டர் சொல்றாங்க" என்றேன், அவ்வளவுதான். வண்டிச் சத்தத்துக்கு நடுவில் பட்டென்று, "எனக்கு இன்னாத்துக்கு? நான் அப்பவே போட்டுக்கினேன்" என்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இது குறுகுறுக்கக்கூட இல்லை, தானாகக் கொட்டிவிட்டது. என்ன ஊசி என்று நான் சொல்லவே இல்லையே. வண்டிச் சத்தம் நின்றது. "கலை... போன்ல வேணாம், வர்றேன்."

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். அவர் முன்னாடியே போட்டுக்கொண்டாராம் என்றேன். சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பவே உன்ன இட்டாரச் சொல்லியிருப்பாங்களேம்மா! ரெண்டு பேரும் போட்டு முடிக்கிற வரைக்கும் சேராதீங்க, இல்லன்னா திரும்பவும் உங்களுக்கே வரும்னு சொல்லித்தானே அனுப்புவாங்க." திரும்பவும் உங்களுக்கே வரும். அட கடவுளே. பாயைச் சுருட்டினது அதற்காகவா? என்னிடமிருந்து தனக்குத் திரும்ப ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றா? தான் கொடுத்ததை நான் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும், என் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்தும், அவர்... அவன், இனிமேல் என்ன மரியாதை, அவன் ஹாலில் காலை நீட்டித் தூங்கினான், நான் உள்ளே பட்டினி கிடந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கார்த்திகையிலேயே முடிந்திருக்கும். அதைச் சொல்ல வாய் வரவில்லை, மூட்டை என்று சொல்ல வந்தது.

போன் அடிக்கிறது, அவன் இல்லை, அத்தை. ராஜாமணி அத்தை திண்டிவனத்தில் வளையல் கடையில் நிற்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. "அளவு ரெண்டே கால்னு சொன்னியே, கை பூந்துடுமாம்மா? கண்ணாடி வளையல் ஒடஞ்சா அபசகுனம்டி." கல்யாணத்தன்றைய அளவு அது, வீம்புக்குச் சொல்லிவைத்திருந்தேன், அவன் பார்க்க இன்னும் அதே கைதான் என்று காட்ட. "ரெண்டரை வாங்குங்க அத்தை" என்றேன். "ஏம்மா, கொரலு ஒரு மாதிரியா கீது?" சொல்லிவிடலாமா? ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் நடுவில் அவன் என் கன்னத்தில் சந்தனம் தடவ வருவானே, அப்போது சொல்லட்டுமா? சொன்னால் அம்மா முகம் என்னாகும்? போனை வைத்துவிட்டேன். பக்கத்துப் பெண்ணின் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம், வாசனைக்கே வாய் ஊறுகிறது, என் பார்வையைப் பார்த்து மூடியில் ஒரு கைச் சோறு வைத்து நீட்டுகிறாள், வேண்டாம் என்று சொல்லப் போய் வாங்கிக்கொண்டேன். முகம் தெரியாதவள் கொடுத்தது, பருக்கை விடாமல் தின்கிறேன், உள்ளே பிள்ளை புரள்கிறது.

கேட்டுக்குள் அவன் வருகிறான். சட்டையெல்லாம் மல்லாட்டைப் புழுதி, எடை மெஷினைத் தாண்டி வந்து எதிரில் நிற்கிறான். என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்க்கிறான், கார்த்திகைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் பார்க்கிறான். அந்தப் பார்வையில் அருவருப்பு இல்லை. பயம்தான் இருக்கிறது, பயம் மட்டும்தான். அப்படியானால் நான் அசிங்கமாக ஆகவே இல்லையா? என்றைக்குமே இல்லையா? அது தெரிந்து மனசு ஆறவேண்டுமே, ஆறவில்லை... நிஜமாகவே குண்டாகி, நிஜமாகவே பிடிக்காமல் போயிருந்தால் தேவலை என்று இருக்கிறது. "சாப்ட்டியா?" என்று கேட்கிறான். கையில் காலி மூடி, வாயில் பாதிச் சோறு.