மரங்கொத்தி மார்க்

ஹார்டுவேர் கடைக்காரியின் நாத்தனார் புருஷனுக்கு ‘ஒரிஜினல்’ என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. வைத்தவர் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். மனிதர் வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் வரும். அவள் கடைக்கு அவர் சப்ளை செய்கிற சுத்தியல் ஒரிஜினல், ஸ்பேனர் ஒரிஜினல், அவர் வீட்டு நாய் ஒரிஜினல், அவர் தலைமுடியின் கறுப்பும் ஒரிஜினல். கடைசியாகச் சொன்னது புளுகு என்று குடும்பத்துக்கே தெரியும். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். புளுகு முடியோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அன்று மதியம் ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் கட்டிங் பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். மரங்கொத்தி மார்க். கரண்ட் வேலை செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற மார்க் அது. இரண்டு கால்களும் சேரும் இடத்தில் மரங்கொத்திப் படம், கைப்பிடியில் தடித்த சிவப்பு உறை, அட்டையில் பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தின் பெயர். எண்ணெய்க் கையோடு பிடித்தால் உறை சுழல்கிறது, வேறு கொடு என்றார். அவள் துணியைச் சுற்றிப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். காலுறை கழன்று வருகிற மாதிரி சிவப்பு உறை கையோடு வந்துவிட்டது.

உள்ளே வெறும் இரும்பு. அந்த இரும்பில் ஒரு மீன் படம்.

மீன் மார்க்கை அவளுக்குத் தெரியாதா என்ன? வேலிக்கம்பி முறுக்குவதற்கென்று அடித்தட்டில் குவித்துப்போட்டு அவளே விற்கிற சாமான். நாலு தெரு தள்ளி, பகலெல்லாம் சம்மட்டிச் சத்தம் கேட்கிற சந்தில் அடிக்கிறார்கள். வேலிக்கு அது தாராளமாகப் போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை. கரண்டுக்கு ஆகவே ஆகாது. அசல் மரங்கொத்தியில் சிவப்புக்கு அடியில் மஞ்சளாக இன்னொரு உறை இருக்கும். சிவப்பு தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்த்தால் அந்தப் பிளேயரைத் தூக்கி எறிந்துவிட வேண்டும், இதுதான் கரண்ட் வேலைக்காரர்கள் கற்கிற முதல் பாடம். இதில் மஞ்சளும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

மெக்கானிக்குக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, பிளேடை எடுத்து ட்ரேயில் இருந்த மற்ற மரங்கொத்திகளை ஒவ்வொன்றாகக் கீறினாள். முதலாவதில் பளிச்சென்று மஞ்சள். அப்பாடா என்றிருந்தது. அடுத்ததிலும் மஞ்சள். மூன்றாவதில் பிளேடு நேராக இரும்பில் போய் இடித்தது. சப்ளை செய்தது ஒரிஜினல்தான். படுபாவி, கலந்து போட்டிருக்கிறான். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள்.

அவள் பிளேடைக் கீழே வைத்தாள். உடனே ஞாபகத்துக்கு வந்தது தம்பி. அம்மா போன பிறகு இடுப்பில் சுமந்து வளர்த்தவன். மருந்தும் ரத்தமும் வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் அன்று அவன் செட்டுக்குக் கரண்ட் வேலை. அங்கே கரண்டை நிறுத்த முடியாது. உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுப்போகும். ஆகவே கரண்ட் ஓட ஓடத்தான் பேனலில் சுவிட்சுகளை மாற்றவேண்டும். கையுறை கொடுப்பார்கள்தான். ஆனால் அந்த இடுக்கில் கையுறையோடு விரல் நுழையாது, கழற்றிவிட்டுத்தான் செய்வோம் என்று அவனே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். அவனுடைய செட்டில் அத்தனை பேர் கையிலும் மரங்கொத்திதான். எங்க அக்கா கடையில் வாங்குங்க, ஏமாத்த மாட்டாங்க என்று இவன்தான் எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்தான்.

கரண்ட் ஓடுகிற இடத்துக்குள் போகும்போது எல்லோருடைய போனையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவது அந்த செட்டின் வழக்கம். சூப்பர்வைசர் போன் மட்டும்தான் வெளியே இருக்கும். அவரைக் கூப்பிட்டு மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்தார். கூப்பிடவும் செய்தார்.

“ஒண்ணோட உறைய வெட்டிப் பார்த்தாச்சுக்கா. உங்க தம்பியே தன்னோடதை எடுத்து நீட்டினான், எங்க அக்கா கடைச் சாமான், தாராளமா வெட்டுங்கன்னு. உள்ள நல்லா மஞ்சள் இருக்கு.”

ஒன்றில் இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கும் என்று அர்த்தமில்லை, கலந்து கிடக்கிறது என்றாள். அவர் குரல் மாறியது. பேனலைத் திறந்து பாதி கழற்றியாகிவிட்டதாம். கிடங்கு இப்போது ஒரே லைனில் ஓடுகிறதாம், அதுவும் போனால் அத்தனை மருந்தும் போச்சாம். எல்லாப் பிளேயரையும் வெட்டிவிட்டால் எதை வைத்து வேலை செய்வது?

“சாப்பாடு முடிஞ்சதும் ஆரம்பிச்சே ஆகணும். வெட்டாம பிரிக்க வழி இருந்தா சொல்லுங்க. சும்மா பயமுறுத்தாதீங்கக்கா.”

அவள் போனை வைத்தாள். அசலையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அதே சிவப்பு, அதே மரங்கொத்தி, கையில் தூக்கினால் அதே கனம். அவள் கணவர் ஒரு வாயில்லாப் பூச்சி, தன் அக்காவுக்கு, அதாவது ஒரிஜினலின் மனைவிக்கு, நடுங்குகிறவர். மச்சானிடம் பக்குவமாகக் கேட்டுப் பார்க்கலாமே, அக்கா காதுக்குப் போகாமல், என்று முனகினார். அவள் பார்த்த பார்வையில் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஒரிஜினலே வந்து சேர்ந்தார். அன்று அவர் சரக்கு இறக்குகிற நாள். ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வெயிலைத் திட்டினார். கீறிய பிளேயர்களை அவள் கவுண்டருக்கு அடியில் தள்ளியிருந்தாள். குரலைக் கட்டுப்படுத்திக்கொண்டு, மரங்கொத்தி எங்கே தயாராகிறது அண்ணா என்று விசாரித்தாள். அவர் உற்சாகமாகிவிட்டார். குளிர் தேசத்தில் ஊர் அளவு பெரிய தொழிற்சாலையாம். ஆரம்பம் முதல் அட்டையில் போடுகிற வரைக்கும் மனுஷக் கை படுவதே இல்லையாம். பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் வேறு. யாருக்குக் காது குத்துகிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பல்பு சரிபார்க்க ஒரு டெஸ்ட் போர்டு கவுண்டரில் இருக்கும். அதில் பல்பைக் கழற்றிவிட்டு, நுனி உரித்த ஒயரை வெளியே இழுத்து வைத்து சுவிட்சைப் போட்டாள்.

“அப்ப இந்த ட்ரேயில இருந்து ஒண்ணை எடுத்து இந்தக் கம்பியப் பிடிங்க அண்ணா.”

வேலை இருக்கிறது, போன் வருகிறது என்று எதையாவது சொல்லி நழுவிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ சிரித்தார். இதென்ன பிரமாதம் என்று ட்ரேக்குள் கையை விட்டார். ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார், அதையும் வைத்தார். மூன்றாவதை எடுத்து, அசராமல் கம்பியைக் கவ்விப் பிடித்து முறுக்கியே காட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

“பார்த்தியாம்மா? ஒரிஜினல்.”

கணவர் பெருமூச்சு விட்டார். அவள் விடவில்லை. முதல் இரண்டை ஏன் வைத்தார் இவர்? கம்பியை அவள் பார்க்கவே இல்லை, அவருடைய கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பிளேயரிலும் அது கைப்பிடியின் நுனிக்குப் போய் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் திரும்பியது.

ஒதுக்கிய இரண்டையும் எடுத்துத் தன் விரலால் நுனியைத் தடவினாள். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்னக் குமிழ் ஒன்று தட்டுப்பட்டது. இரண்டிலும் இருந்தது. அவர் கையில் இருந்ததைப் பிடுங்கித் தடவினாள். வழவழவென்று இருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. அசலுக்கு உறையை அச்சில் வார்க்கிறார்கள். இதையோ சிவப்புக் குழம்பில் முக்கி எடுத்து, கைப்பிடி கீழே இருக்கும்படி தொங்கவிட்டுக் காயவைத்திருக்கிறார்கள். வடிந்த கடைசிச் சொட்டு நுனியிலேயே இறுகிவிட்டது. குளிர் தேசமாம், ஊர் அளவு தொழிற்சாலையாம். சந்தில் அடித்து, இவர் சரக்கு வைக்கிற கொட்டகையில் முக்கின சாமான்.

குமிழ் இருந்த ஒன்றை அவரிடம் நீட்டினாள். “இப்ப இதால பிடிங்க.”

அவர் இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்துக்கொண்டார். வேறு சாட்சி எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. சாப்பாடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவள் போனையே வெறிப்பதைப் பார்த்து ஒரிஜினலுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது, ஆறுதல் சொல்ல வந்தார்.

“நீ ஏன்மா பதறுற? உன் தம்பிக்கு ஒண்ணும் ஆகாது. அவனுக்கு நானே பொறுக்கிப் பொறுக்கித்தான் குடுத்தேன். அது நல்லது.”

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. தம்பிக்கு வேலை கிடைத்த அன்று இதே ட்ரே முன்னால் நின்று, என் கையால் எடுத்துத் தருகிறேன் என்று வெகுநேரம் துழாவினார். கூடப் பிறக்காத மனுஷனுக்கு எவ்வளவு பாசம் என்று அவள் அன்று உருகிப்போனாள். அப்போதும் இந்தக் கட்டைவிரல் இப்படித்தான் தடவியிருக்கும். எது எங்கே அடித்தது என்று தெரிந்தேதான் அத்தனையும் விற்றிருக்கிறார்.

“அதைத்தான் அண்ணா வெட்டிப் பார்த்துட்டாங்க,” என்றாள். “இப்ப அவன் யாரோடதையோ வச்சுக்கிட்டு உள்ள போயிருக்கான்.”

அவள் மறுபடியும் சூப்பர்வைசருக்குப் போட்டாள். மூன்றாவது தடவை மணி அடித்தது. கடைசி மணியில் சூப்பர்வைசர் எடுத்தார். அவள் ‘தம்பி… தம்பி’ என்றாள். அதற்குமேல் பேச்சு எழவில்லை. அப்போதுதான் அந்த வாயில்லாப் பூச்சி அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

“நிறுத்துங்க. எல்லாரும் கையை எடுக்கச் சொல்லுங்க. கைப்பிடி நுனியத் தடவிப் பாருங்க, குமிழ் இருந்தா அது போலி. வழவழன்னு இருந்தா நல்லது. முதல்ல எங்க மச்சினன் கையில இருக்கறதப் பாருங்க.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. போனுக்குள் யாரோ கையை எடுடா என்று கத்துவது கேட்டது. இரும்புக் கதவு மோதியது. பிறகு சத்தமே இல்லை. கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவுண்டரில் வைத்தார், மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. குமிழ் இருந்ததை வெட்டிப் பார்த்தார்களாம், உள்ளே வெறும் இரும்பாம். குமிழ் இல்லாதவை கொஞ்சம் தேறியிருக்கின்றன, அவற்றை வைத்தே சமாளித்துக்கொள்கிறார்களாம். யார் கையில் இருந்தது என்று அவள் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் போனை வேறு யாரிடமோ கொடுத்தார்.

“அக்கா,” என்றான் தம்பி. “கையுறையக் கழட்டிட்டேன்க்கா. இடுக்குல கையை விடப் போனேன். அதுக்குள்ள பின்னாடி இருந்து இழுத்துட்டாங்க.”

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதாள்.

ஒரிஜினல் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். அதுதான் ஒன்றும் ஆகவில்லையே, இத்தோடு விடு, உன் நாத்தனாரிடம் இதையெல்லாம் சொல்லாதே என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அவனுக்குப் பொறுக்கிக் குடுத்தீங்க. கூட இருக்கற பசங்களுக்கு யாரு அண்ணா பொறுக்கிக் குடுத்தா?”

அவர் வாசல் பக்கம் திரும்பினார். அதற்குள் கணவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, டெஸ்ட் போர்டை அணைத்தார். ட்ரேயைத் தூக்கி ஸ்டூலுக்கு முன்னால் வைத்தார்.

“உட்காருங்க மச்சான். பிரிச்சு வைங்க. இங்க முடிச்சுட்டு, நீங்க போட்ட மத்த கடைக்கெல்லாம் நாம சேர்ந்தே போகணும். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

ஒரிஜினல் வாசலைப் பார்த்தார், மைத்துனரைப் பார்த்தார், பிறகு மெல்ல உட்கார்ந்தார். ட்ரேக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, கட்டைவிரலை நுனிக்குக் கொண்டுபோனார். எடுத்த முதல் பிளேயரிலேயே குமிழ் இருந்தது.