முறைத் தண்ணீர்

சலோமத், தன் தம்பி உல்மாஸின் அங்கியைச் சேர்த்து இழுத்து, இடுப்பில் கச்சையை முடிந்துகொண்டிருந்தபோது வாசலில் லாரி ஹாரன் அலறியது. அதே மாதிரி கச்சை கட்டிய ஆண்கள் பத்துப் பேர், ஆளுக்கொரு கைத்தடியை ஊன்றிச் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். லாரிக்காரன் அவர்களைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகத் தலையை வெளியே நீட்டினான்.

"ஹஷருக்குக் கச்சை கட்டிட்டுத் தயாரா நிக்கிறீங்களே! தெருவே கூடி வேலை செய்யுறதுன்னா இப்படி இருக்கணும். களைப்பு வராம இருக்கட்டும்! எங்க, நம்ம எர்காஷ் தாத்தாவைக் காணோம்?"

உள்ளேயிருந்து பெண்களின் ஒப்பாரி எழுந்த பிறகுதான் அது துக்கத்துக்குக் கட்டிய கச்சை என்று அவனுக்கு உறைத்தது. என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, இரண்டு கைகளையும் ஏந்தி துஆ ஓதி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எப்போ தம்பி?"

"காலையில. டீ குடிச்சுட்டு, கொஞ்சம் சாயுறேன்னாரு. எழுப்பப் போனா..." என்றான் உல்மாஸ்.

அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. ஓர் ஊசி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. அப்படிச் சாகக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். சலோமத்துக்கு அழுகையோடு கூடவே நெஞ்சில் ஒரு நிறைவும் இருந்தது. அதை வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்.

லாரியில் இருந்தவை இருபத்து நான்கு மல்பெரிக் கன்றுகள். சாலையை அகலப்படுத்தியபோது மார்கிலான் நகரின் அந்தத் தெருவில் பழைய மல்பெரி மரங்கள் ஒன்று பாக்கியில்லாமல் போயின. பதிலுக்கு எங்கிருந்தோ ஊசியிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு கோடையைக்கூட அவை தாண்டவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய எர்காஷ் அதற்குப் பிறகு பேட்டையின் மஹல்லா கமிட்டியைத்தான் ஓட்டினார். "இந்த மண்ணுக்கு இந்த மண்ணு மரம்தான்யா" என்று நாலு வருஷம் நச்சரித்து, தெரு மரத் திட்டத்தில் தன் தெருவின் பேரை ஏற்ற வைத்தார். மூன்று வாரமாகத் தன் கையாலேயே குழிகளைத் தோண்டினார். நடவுக்கு இந்தச் சனிக்கிழமையைக் குறித்ததும் அவர்தான். தெருவோர வாய்க்காலில் முறைத் தண்ணீர் இன்று பிற்பகல் அசர் தொழுகை வரைக்கும்தான் வரும். விட்டால் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். வேரில் மண்ணில்லாமல் ஈரச்சாக்கில் சுற்றிவந்த கன்று அதுவரை தாங்காது.

"நான் திருப்பிக் கொண்டுபோயிடறேன்" என்றான் லாரிக்காரன். "பக்கத்து மஹல்லாக்காரங்க வாயைப் பொளந்துட்டு நிக்கிறாங்க. உங்களுக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"கொண்டு போங்கண்ணே. அப்பாவே போயாச்சு" என்றான் உல்மாஸ்.

அடுத்த வருஷம். நாலு வருஷமாக அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்த பதில் அதுதான். சலோமத் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இறக்குங்க."

"அக்கா! புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு? மையத்து இன்னும் வீட்டுல இருக்கு. ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். வாய்க்கால் ஓரமா இறக்குங்கண்ணே, வேரு தண்ணியில நனையுற மாதிரி."

உல்மாஸ் பல்லைக் கடித்தான். சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினான்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு மையத்தைச் சுமந்த சந்தூக்கு கிளம்பியது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். கபர்க் குழியை மூட, தெருவில் இருந்த மண்வெட்டிகள் அத்தனையும் கூடவே போயின. பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கமில்லை. சந்தூக்கு முனையில் திரும்பி மறைகிற வரை பார்த்திருந்த சலோமத், வீட்டுக்குள் போகாமல் நேரே முதல் குழிக்குப் போய் ஒரு கன்றை உள்ளே நிறுத்தினாள்.

எதிர்வீட்டு பாஷோரத் படலைத் திறந்துகொண்டு வந்தாள். தெருவிலேயே நாக்கு நீளம் அவளுக்கு; ஒப்பாரிக்கும் அவள்தான் முதல் குரல்.

"அடியே, உங்கப்பன் இன்னும் குழிக்குள்ள இறங்கல. அதுக்குள்ள நீ குழியத் தேடி வந்துட்டியா?"

"இது அவரு தோண்டின குழி அக்கா. இருபத்தி நாலு. தண்ணி அசர் வரைக்கும்தான்." சலோமத் கன்றின் அடியில் கையால் மண்ணைத் தள்ளினாள். "இதுவும் காஞ்சுதுன்னா எனக்குத் தாங்காது."

பாஷோரத் குழியைப் பார்த்தாள். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"கன்னை இப்படியா புடிப்பே? குடிகாரன் மாதிரி சாயுது பாரு. தள்ளு." பிறகு வீட்டைப் பார்த்துக் கூவினாள்: "உள்ள உக்காந்து அழுதது போதும், வெளிய வாங்கடி! நட்டுக்கிட்டே அழலாம்!"

வந்தார்கள். மண்வெட்டிக்கு எங்கே போவது? புலவு கிளறுகிற பெரிய கரண்டிகளும், கரி அள்ளும் தகரமும், மாவு பிசையும் தாம்பாளமும் தெருவுக்கு வந்தன. மற்றதற்குக் கை இருந்தது. பாஷோரத் மண்ணைத் தள்ளிக்கொண்டே, "பஸ்ஸைப் பாதியில நிறுத்திட்டு இறங்கிட்டீங்களே அண்ணே" என்று இழுப்பாள், அதே மூச்சில், "ஏய், வேரை மடக்காதே, எருமை!" என்பாள். சலோமத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அடக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் நடுத்தெருவில் நின்று சிரித்திருப்பார்.

இருபத்து மூன்று முடிந்தது. கடைசிக் குழி தெருமுனையில். பக்கத்தில் குவித்திருந்த மண்ணின் மேல் வண்டிகள் ஏறி, அது கல்லாக இறுகியிருந்தது. கரண்டி வளைந்துபோனது. வாய்க்காலில் தண்ணீர் நாலு விரல் உயரத்துக்கு இறங்கிவிட்டது. சலோமத் கன்றைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள், விட்டால் சாய்ந்துவிடும்.

அப்போதுதான் ஆண்கள் முனையில் திரும்பினார்கள், தோளில் மண்வெட்டிகளோடு. முன்னால் உல்மாஸ். பாஷோரத் வளைந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

உல்மாஸ் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். இருபத்து மூன்று கன்றுகளையும் எண்ணுகிறவன் போல நின்றான். பிறகு அக்காவின் முழங்கை வரை ஏறியிருந்த சேற்றைப் பார்த்தான். கபர்ஸ்தானின் மஞ்சள் களிமண் அவன் மண்வெட்டியில் இன்னும் காயாமல் ஒட்டியிருந்தது.

"நேராப் புடி, அக்கா" என்றான்.

ஓங்கிப் போட்டான். இறுகிய மண் பிளந்தது. வாரி வாரிக் குழிக்குள் தள்ளினான். தெருவின் கறுப்பு மண்ணோடு மஞ்சள் களியும் பிசிறு பிசிறாகக் கழன்று விழுந்தது. அதை அவனும் பார்த்தான், அவளும் பார்த்தாள். சலோமத் ஒற்றைக் கையால் வாய்க்கால் கரையை உடைத்துவிட்டாள். மிச்சமிருந்த தண்ணீர் மெதுவாகக் குழிக்குள் ஏறி, இரண்டு மண்ணையும் நனைத்தது.